கலைவாணன் இறக்கிய கட்டில்

கட்டிலின் கால்மாட்டைக் காத்தான் சித்தப்பா பிடித்திருந்தார், தலைமாட்டைப் பவானி. இருவரும் தம் கட்டி இழுத்தும் கட்டில் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"பிரேக்கு போட்டிருக்கு சித்தப்பா. இருங்க, எடுத்து வுடறேன்."

"கட்டிலுக்குப் பிரேக்கா? அடப்பாவிங்களா, இது இன்னா எங்கியாச்சும் ஓடிப்புடுமா?"

பவானி குனிந்து சக்கரத்தின் கொக்கியைக் காலால் தள்ளினாள். கட்டிலின் மேல் அப்பா கிடந்தார். வேடியப்பன், கச்சிராயபாளையத்துக் கரும்புக்காடுகளில் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றிய மனிதர். இப்போது வாய் திறந்து, கண் பாதி மூடி, தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தத்தோடு கிடந்தார். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த சித்தப்பாவுக்கு, அண்ணன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கட்டில் கிடந்த திசைதான் கண்ணில் பட்டது. தலை வடக்கே இருந்தது. தெற்கே இருக்க வேண்டும். தரைக்கு இறக்குகிற நேரத்தில் ஆளைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது, இப்போதே திருப்பிவிடு என்று ஒரே பிடியாக நின்றார். அவர் அப்படித்தான். ஒரு கல்யாணத்தில் பந்தக்கால் தப்பான மூலையில் நட்டிருக்கிறது என்று சாப்பிடாமல் எழுந்து போன ஆள்.

கட்டில் நகர்ந்தது. பாதி திரும்பியபோது அடியிலிருந்த ஒயர்கள் இழுத்துப் பிடித்தன. சித்தப்பா அதைக் கவனிக்காமல் ஒரு தள்ளு தள்ளினார். அவற்றில் இரண்டு ஒயர்கள் முனைப் பின்னோடு பட்டென்று கழன்று தரையில் விழுந்தன.

"ஐயோ சித்தப்பா! அதாலதான கட்டிலே ஓடுது."

"ஓடுதுன்றதாலதான பிரேக்கு போட்டிருக்கீங்க? திருப்பித்தான் மாட்டிக்கயேன்."

அவரைக் கோபித்துக்கொண்டும் பயனில்லை. சுவரிலிருந்த வெள்ளை டப்பாவைப் பவானி நிமிர்ந்து பார்த்தாள். உள்ளங்கை அளவு டப்பா. அதன் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதை மாட்டியது அண்ணன் கலைவாணன். மஸ்கட்டில் எலக்ட்ரீசியன். அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்ட பிறகு லீவில் வந்தவன், சேலத்தில் யாரிடமோ சொல்லிவைத்து இந்த மோட்டார் கட்டிலை வாங்கிப் போட்டான். கட்டில் ஏறும், இறங்கும், தலைமாடு மட்டும் தனியாக நிமிரும். கூடவே வந்த ரிமோட் ஒருநாள் கஞ்சிப் பாத்திரத்தில் விழுந்து செத்துப்போனது. வேறொன்று வாங்கித் தருவான் என்று பவானி நினைத்திருக்க, அடுத்த லீவில் வந்தவன் இந்த ரிலே டப்பாவைச் சுவரில் மாட்டி, வீட்டு வைஃபையோடு சேர்த்து, கட்டிலின் ஒயர்களை அதற்குள் கொண்டுபோய்விட்டான். அதன் பிறகு கட்டிலின் ஏற்றம் இறக்கமெல்லாம் அவன் போனுக்குள் போய்விட்டது.

"எனக்கும் அந்த ஆப்ப ஏத்திக் குடுண்ணா. ஒவ்வொரு வாட்டியும் உன்ன கூப்டுக்கினா இருப்பன்?" என்று பவானி கேட்டாள்.

"கூப்டு. எத்தினி வாட்டின்னாலும் கூப்டு. பீ மூத்திரம் அள்றவ நீ. சோறு ஊட்டறவ நீ. இந்த ஒண்ணையாச்சும் நான் செய்றேனே."

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். காலையில் போன் அடிப்பாள். அவன் அங்கே ஏதோ கட்டடத்தில் ஏணி மேல் நிற்பான். இறங்கி வந்து அழுத்துவான். இங்கே சுவரில் டொக்கென்று ஒரு சத்தம், அடியில் மோட்டார் உறுமும், அப்பா மெல்ல எழுந்து உட்காருவார். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரிக்கும். "கலே" என்பார். வாதம் மிச்சம் வைத்த ஒரே சொல் அதுதான்.

பவானிக்குப் பொறாமையாக இருக்கும். மறைத்து என்ன ஆகப்போகிறது? தியாகதுருகத்தில் புருஷனையும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்து, இடுப்பு ஒடிய ஒடியக் குனிந்து துடைப்பவள் அவள். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஒரு விரலால் தொடுகிறவனுக்குச் சிரிப்பு. அவள் முகத்தைப் பார்த்து அப்பா சிரித்து எத்தனை காலம் ஆகியிருக்கும்? எனக்கும் ஒரு சிரிப்பு வேண்டும் அப்பா என்று கஞ்சி ஊட்டும்போது வாய் வரைக்கும் வரும். கேட்டதில்லை.

இன்று காலை சித்தப்பா வந்ததும் அவளே அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டார்கள்.

"நாளைக்கு ராத்திரிதான் சித்தப்பா ஃப்ளைட்டு. அதுக்கு முன்ன எதுலயும் சீட்டு இல்ல."

"நாளைக்கு ராத்திரி வரிக்கும் உங்கப்பன் தாங்கமாட்டான்டா. இன்னிக்கே எறக்கணும். பெத்த புள்ள தலையப் புடிச்சித் தரைக்கி எறக்கணும், அதான் நம்ம மொற. உசுரு மண்ணத் தொட்டுக்கினுதான் போவணும். நீ இல்ல. நான் புடிக்கிறேன், வேற வழி?"

அவன் என்ன நினைக்கிறான் என்று பவானிக்குத் தெரியும். அம்மா சாமியம்மாள் போனபோதும் அவன் மஸ்கட்டில்தான் இருந்தான். எல்லாம் முடிந்த பிறகு அவன் கேட்டது ஒரே கேள்வி: அம்மா தலையை யார் பிடித்து இறக்கினார்கள்? யாரும் பிடிக்கவில்லை. பழைய கயிற்றுக் கட்டிலில் தூங்கியபடியே அம்மா போயிருந்தாள். ஆம்பிளைப் பிள்ளை இருந்தும் கட்டிலிலேயே போயிட்டாளே என்று வந்த பொம்பளைகள் எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பவானி அதைச் சொல்லாமல் மறைத்தாள். வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நான் எறக்கறேன் சித்தப்பா" என்றான் கலைவாணன்.

"எப்டிடா?"

"கட்டிலு அடி வரிக்கும் எறங்கும். எறங்கிச்சின்னா தரைக்கும் அதுக்கும் ஒரு சாண்தான். அப்டியே போர்வையோட பாயில இஸ்த்துக்கலாம். எறக்கறது நான்தான். அம்மாவுக்குத்தான் செய்யல. இதயாவது செய்ய வுடுங்க."

"பட்டன அழுத்தறது தலையப் புடிச்ச மாரி ஆவுமாடா?"

குஞ்சம்மாள் அத்தை குறுக்கே விழுந்தாள். அப்பாவின் அக்கா, நைனார்பாளையத்திலிருந்து முந்தின நாளே வந்து உட்கார்ந்திருப்பவள். "ஏன் ஆவாது? வெரலு அவன் வெரலுதான? தெனம் அவன்தான தூக்கி உக்கார வச்சான். எறக்கவும் அவனே எறக்கட்டும். நீ ஒண்ணும் பேசாத காத்தா."

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "செரி. ஆனா உசுரு இருக்கச்சயே எறங்கணும். அது அவன் பொறுப்பு."

அதற்காகத்தான் கட்டில் திரும்பியது. கட்டிலின் மேலிருந்த சாமான்களை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, பாய் கேட்டு வாங்கிக்கொண்டு பவானி திரும்புவதற்குள் அத்தை அறை முழுக்க மஞ்சள் தண்ணீர் போட்டுத் துடைத்து முடித்திருந்தாள். தரை சில்லென்று ஈரமாக இருந்தது.

"கட்டிலுக்கு அடியில கூட வுடல. ஒரே பிசுபிசுன்னு இன்னாமோ ஒட்டிக்கினு இருந்துச்சி. அதையும் பிச்சி எறிஞ்சிட்டேன். பாரு எப்டி கீது."

"பிளாஸ்திரியா அத்தே?" என்றாள் பவானி.

"ஆமா, பிளாஸ்திரி. சாவப்போற மனுசன் கட்டில்ல இன்னாத்துக்கு அழுக்கு?"

அவள் பாயைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தாள். தலைமாட்டு ஒயர் தனி, அது கழலவில்லை. கழன்ற இரண்டில், டப்பாவின் மேலிருந்து வருவது கட்டிலை ஏற்ற, கீழிருந்து வருவது இறக்க. அதில் குழப்பம் இல்லை. ஆனால் கட்டிலின் அடியில் அவை போய்ச் செருகும் இரண்டு ஓட்டைகளும் அச்சு அசல் ஒரே மாதிரி. அவற்றின் மேல்தான் அண்ணன் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'மே' என்றும் 'கீ' என்றும் எழுதியிருந்தான். ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து ஒயரிங் செய்கிறவன், சொந்த வீட்டுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அழுத்திப் பார்த்துவிடு, தெரிந்துவிடும் என்பான். மூச்சு இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது கட்டிலை ஆட்டிச் சோதித்துப் பார்க்கவா? அதோடு, அவன் குரல் ஏற்கெனவே காலையில் உடைந்து கிடந்தது. இதைச் சொன்னால் அங்கே துடித்துப்போவான். பவானி கண்ணை மூடி யோசித்தாள். தினமும் அடியில் துடைக்கிறபோது பார்த்ததுதான். ஜன்னல் பக்கம் 'மே'. ஆமாம், ஜன்னல் பக்கம்தான். முந்தானையால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு இரண்டையும் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், போனார்கள். அத்தை பஞ்சைப் பாலில் நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே போனதைவிட வழிந்ததுதான் ஜாஸ்தி. சித்தப்பா கால்மாட்டில் உட்கார்ந்து அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் இரண்டு பேரும் சாமை அறுக்கப் போன கதையை யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். அறுத்ததைவிட அடித்துக்கொண்டதுதான் அதிகமாம். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"காலு சில்லுன்னு ஆயிட்டுது. கூப்டும்மா."

மணி மூன்று மூன்றரை இருக்கும். வெயில் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்துவிட்டிருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான்.

"அண்ணா. நேரம் ஆயிடுச்சி."

பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். பிறகு கதவு சாத்தும் சத்தம். மெஷின் சத்தம் நின்றது.

"வீடியோ போடட்டாண்ணா?"

"வேணாம் பாப்பா. பாத்தேன்னா என் கை ஓடாது. ஸ்பீக்கர்ல போட்டு அப்பா காதுகிட்ட வையி."

வைத்தாள்.

"அப்பா. கலை பேசறேம்பா. நான்தாம்பா எறக்கறேன். பயப்படாத இன்னா? மெதுவா எறக்கறேன்."

அப்பாவின் தொண்டையில் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. கேட்டதோ என்னவோ. சுவரில் டொக்கென்றது. மோட்டார் உறுமியது.

கட்டில் ஏறியது.

சித்தப்பாவின் கை அண்ணனின் பாதத்தோடு சேர்ந்து மேலே போனது. அவர் புரியாமல் எழுந்தார். "ஏ, இன்னாது இது..." என்று வாயைத் திறந்தவரைப் பார்த்துப் பவானி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கட்டில்தான் திரும்பிவிட்டதே. நேற்று ஜன்னல் பக்கம் இருந்தது இன்று சுவர்ப் பக்கம். கட்டில் திரும்பியது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், ஒயர் மாட்டியவளுக்கு மட்டும் அது நினைவில்லாமல் போய்விட்டது.

ஒரு வார்த்தை போதும். மாத்தி அழுத்துண்ணா என்றால் போதும். போனில் அவன் விசும்பிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

"தோ எறங்கிடலாம்ப்பா. கொஞ்சம்தான். அம்மாவுக்குச் செய்யாம வுட்டுட்டேன். உனக்கு செஞ்சிடறேன். கைய எடுக்கலப்பா நானு, அழுத்திக்கினேதான் இருக்கேன்."

இதற்கு நடுவில் போய், நீ ஏற்றிக்கொண்டிருக்கிறாய் என்று எந்த வாயால் சொல்வது? கட்டில் அவள் இடுப்பைத் தாண்டி ஏறியது. அவ்வளவு உயரத்துக்கு அது என்றைக்கும் ஏறியதில்லை. அப்பாவின் முகம் அவள் நெஞ்சுக்கு வந்தது. தலைமாடு ஏற்கெனவே கொஞ்சம் நிமிர்ந்திருந்ததால் இன்னும் மேலே, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. எத்தனையோ நாளாகக் குனிந்து குனிந்தே பார்த்த முகம். நின்றால் அப்பா அவள் உயரம்தான் இருப்பார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பாதி மூடிய கண் அவளைப் பார்த்தது, அல்லது பார்க்கிற இடத்தில் அவள் இருந்தாள். சிரிக்கவில்லை. ஆனாலும் அவர் பார்வைக்கு எதிரே இன்றைக்கு அவளைத் தவிர வேறு எதுவும் இல்லை. அப்பா, நான் பவானி என்றாள், சத்தம் வராமல்.

"எறங்குதா பாப்பா?"

"எறங்குதுண்ணா."

மோட்டார் நின்றது. மேலே போக இனி இடமில்லை.

"நின்னுட்டுது. அடி வரிக்கும் வந்துட்டாரா?"

"வந்துட்டாருண்ணா."

"சித்தப்பாகிட்ட குடு."

அவன் அப்படிக் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தங்கச்சி தன் மனசு நோகாமல் எதையும் சொல்வாள் என்று அவனுக்குத் தெரியாதா? அம்மா விஷயத்தில் ஒருமுறை அவளை நம்பி ஏமாந்தவன். சித்தப்பா பொய் சொல்ல மாட்டார். முறை தப்பினால் அமாவாசைச் சோற்றைக் கூடத் தொடாத ஆள். அத்தை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள், சொல்லித் தொலைத்துவிடாதேடா என்கிற மாதிரி.

சித்தப்பா போனை வாங்கினார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடித்தார். தன் நெஞ்சு உயரத்தில் கிடந்த அண்ணனைப் பார்த்தார்.

"சித்தப்பா?"

"ம்."

"தரைக்கி வந்துட்டாரா சித்தப்பா? உசுரோட?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பவானி அவர் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டான்டா" என்றார். "உங்கப்பன எறக்கிட்டடா கலை. பெத்த புள்ள செய்ய வேண்டியத செஞ்சிட்ட. எனுக்குக் கூட இவ்ளோ பதமா எறக்க வராது."

சொல்லி முடித்ததும் அந்த மனிதருக்குத் தோள் குலுங்கியது. அங்கே மஸ்கட்டில் கலைவாணன் சத்தம் போட்டு அழுதான். நிம்மதியில் அழுகிற அழுகை அது, கேட்டாலே தெரிந்தது.

அத்தை கண்ணைத் துடைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள். போர்வையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, வா, ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம் என்று கையால் கூப்பிட்டாள். அவ்வளவு உயரத்திலிருந்து மூன்று பேரால் இறக்க முடியுமா என்று பவானி தயங்கினாள். அப்பாவின் மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

"பாயில இஸ்த்துட்டீங்க இல்ல?" என்றது போன். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கட்டிலு குறுக்கால கெடக்கும். நாலு பேரு வந்து உக்கார எடம் வேணும். நான் மேல ஏத்திடறேன், ஓரமா தள்ளிக்கிங்க."

"இருடா..." என்றார் சித்தப்பா.

அதற்குள் டொக்கென்றது.

கட்டில் இறங்கத் தொடங்கியது. மெல்ல, ஒரே சீராக, அப்பாவைச் சுமந்துகொண்டு இறங்கியது. அத்தை பிடித்திருந்த போர்வையை விட்டுவிட்டாள். பவானி அப்பாவின் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கூடவே குனிந்தாள். இன்னும் குனிந்தாள். பிறகு ஈரத் தரையில் முட்டி போட்டாள். மோட்டார் உறுமலில் அப்பாவின் தொண்டைச் சத்தம் கேட்கவில்லை. அது எங்கே நின்றது, பாதியிலா, கீழே வந்த பிறகா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அடிவரைக்கும் வந்து கட்டில் நின்றது. தரைக்கு ஒரு சாண்தான். அத்தை கால்பக்கம் போர்வையைப் பிடித்தாள், பவானி நடுவில் பிடித்தாள். தலைப்பக்கம் ஆள் வேண்டியிருந்தது. சித்தப்பா அருகில்தான் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணனின் தலையைத் தொடாமல் நின்றார். அவர்கள் இருவருமே இழுத்தார்கள். அப்பா பாய்க்கு வந்து சேர்ந்தார்.

"கட்டிலு ஏறிடுச்சா பாப்பா?" என்று கேட்டான் கலைவாணன்.

பவானி அப்பாவின் கண்ணை மூடிவிட்டாள். போனை வாயருகே கொண்டு வந்தாள்.

"ஏறிடுச்சுண்ணா."